சத்தமில்லாமல் கேட்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வானொலிப் பெட்டி இப்போது அலையை வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறது. அது எந்த வீட்டில், எந்த மேசையில் இருக்கிறது என்று நிலையத்துக்குத் தெரியாது. பக்கத்தில் யாராவது இதே அலைவரிசையில் ஒரு கருவியை இயக்கினால் என் பேச்சு இரைச்சலில் மூழ்கிவிடும். இயக்கியவருக்கோ தான் கெடுத்தது தெரியவே தெரியாது. அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

பகிர்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலைவரிசை ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். ஆனால் கடற்படை ரேடார் எல்லா ஊரிலும், எல்லா நேரத்திலும் ஓடுவதில்லை. சும்மா கிடக்கும் இடத்தை இன்னொருவர் பயன்படுத்தட்டும். சரி, ஏற்கெனவே இருப்பவருக்குத் தொந்தரவு வராமல் எப்படி?

ஒரு வழி, பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்பது. வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் திறந்துவிட்ட 2003 உலக வானொலி மாநாடு, ரேடார்கள் இருக்கும் பகுதிகளுக்கு இதைத்தான் விதித்தது. அங்கே ரவுட்டர் முதலில் 60 விநாடி வாயைத் திறக்காமல் கேட்கும். பிறகு எப்போது ரேடார் துடிப்பு கேட்டாலும் 10 விநாடிக்குள் விலகிவிட வேண்டும். அரை மணி நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு வர ஒரு நிமிடம் தாமதமானால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதை மீறினால் என்ன ஆகும்? 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் அது தெரிந்தது. திரையின் நடுவிலிருந்து விளிம்புவரை, டார்ச் அடித்தது போல ஒரு கீற்று. குறுக்கிடும் கருவி அந்தத் திசையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கீற்றுக்குள் மழை எது, இரைச்சல் எது என்று பிரிப்பது கஷ்டம். தரையிறங்கும் விமானத்தைப் புரட்டிவிடக்கூடிய காற்றைக் கண்டுபிடிக்க வைத்த ரேடார் அது.

ரேடார் விஷயத்திலாவது காது கொடுத்தால் கேட்கும், ஏனென்றால் அது உரக்கக் கத்துகிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னலை வாங்கும் செயற்கைக்கோள் தரைநிலையம்? அதன் வேலியோரம் நின்று கேட்டாலும் சாதாரணக் கருவிக்கு ஒன்றும் கேட்காது. ‘இடம் காலி’ என்று நம்பிப் பேச ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் யார் எங்கே கேட்கிறார்கள் என்று பதிந்து வைக்கும் தரவுத்தளம் வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை இப்படிப் பகிர 2015-இல் விதி எழுதி, 2020-இல் முழு வணிகச் சேவை தொடங்கியது. காக்க வேண்டிய தரைநிலையங்களின் இருப்பிடம் பதிவில் இருக்கிறது. புதிதாக வரும் கோபுரம் அந்தத் தரவுத்தளத்திடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே அலை அனுப்பலாம். போர்க்கப்பல் எங்கே இருக்கிறது என்று பதிவில் எழுத முடியாதல்லவா? அதற்காகக் கடற்கரையோரம் உணரிகள் வைத்திருக்கிறார்கள். ரேடார் சத்தம் கேட்டால் சில நிமிடங்களில் அக்கம்பக்கத்துக் கோபுரங்கள் வேறு அலைவரிசைக்கு மாற வேண்டும். வழியில்லையென்றால் அடங்க வேண்டும். காதும் வேண்டும், பதிவேடும் வேண்டும்.

ஏற்கெனவே இருப்பவருக்கும் கடமை உண்டு. தரையை நோக்கி அலை அனுப்பி உயரத்தை அளக்கும் விமானத்தின் ரேடியோ உயரமானி 4200 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டையில் வேலை செய்கிறது. 3980-க்குக் கீழே வரும் 5ஜி அலை சில பழைய உயரமானிகளைக் குழப்பலாம் என்ற பயத்தில் 2022 ஜனவரியில் அமெரிக்காவுக்குப் போகும் சில விமானங்கள் ரத்தாயின. பக்கத்துப் பட்டையின் அலையை வடிகட்டத் தெரியாத கருவியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அவகாசம் கொடுங்கள், செலவை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பகிர்வுப் பேச்சே வேண்டாம் என்பேன். விண்வெளியின் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் மெல்ல ஒலிக்கிறது. அதைக் கேட்பதற்காக 1400 முதல் 1427 வரை உலகில் யாருமே அலை அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த 27 மெகாஹெர்ட்ஸை அப்படியே விட்டுவிடுவோம். வணக்கம்.