5 லட்சம் ஓனர்கள்... ஆனால் டிக்கெட்டுக்கு 30 வருஷம் வரிசை!

[திரையில்: கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டிய ஒரு பத்திரம். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 300 டாலர் கொடுத்து வாங்கியது. இதை வைத்திருப்பவர் அமெரிக்காவின் மிகப் பிரபலமான விளையாட்டு அணிகளில் ஒன்றுக்கு ஓனர். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பங்குதாரர். ஆனால் இந்தப் பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. வெளியாருக்கு விற்கவும் முடியாது. சரி, ஓனர் ஆச்சே, மேட்ச் பார்க்க ஒரு டிக்கெட்டாவது தருவார்களா? ம்ஹூம். சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் போய் வரிசையில் பெயர் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் ஏற்கெனவே 1 லட்சத்து 40 ஆயிரம் பெயருக்கு மேல் இருக்கிறது.

இவரைப் போல இந்த அணிக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓனர்கள். இவர்கள் எல்லாரும் ஏமாளிகளா? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

[சேனல் இசை]

வணக்கம் நண்பர்களே. பின்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். அணியின் பெயர் கிரீன் பே பேக்கர்ஸ். விளையாட்டு அமெரிக்கன் ஃபுட்பால். ஆமாம், பெரும்பாலும் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடிவிட்டு, ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதேதான். 1919ல் கர்லி லாம்போவும் ஜார்ஜ் கால்ஹூனும் ஆரம்பித்தார்கள். லாம்போ வேலை பார்த்த இறைச்சி டப்பா கம்பெனி சட்டைக்காக 500 டாலர் கொடுத்தது. டப்பாவில் அடைப்பவர்கள் பேக்கர்ஸ். பெயர்க் காரணம் அவ்வளவுதான். 1921ல் லீக்கில் சேர்ந்தார்கள். அந்த லீக்தான் இன்றைய என்எஃப்எல், அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மை லீக்.

இப்போது ஊரைப் பாருங்கள். கிரீன் பே, விஸ்கான்சின் மாநிலம். 2020 கணக்குப்படி மக்கள்தொகை 1 லட்சத்து 7 ஆயிரம் சொச்சம். நம் காரைக்குடி அளவு. நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் எல்லாம் ஆடுகிற லீக்கில் ஒரு காரைக்குடி! அதுவும் 13 முறை சாம்பியன் ஆன காரைக்குடி. வேறெந்த அணியும் அத்தனை முறை ஜெயித்ததில்லை.

அந்தக் காலத்தில் இப்படிச் சின்ன ஊர் அணிகள் நிறைய இருந்தன. கேன்டன், ராக் ஐலண்ட், துலூத். இன்று ஒன்றுகூட இல்லை. சில அணிகள் பெட்டி படுக்கையோடு பெரிய ஊருக்குப் போய்விட்டன. டெகேட்டர் ஊர் அணிதான் இன்றைய சிகாகோ பேர்ஸ். போர்ட்ஸ்மத் அணி 1934ல் டெட்ராய்ட் லயன்ஸ் ஆனது. கிரீன் பே மட்டும் அங்கேயே நிற்கிறது. ஏன்?

எனக்குத் தெரிந்து பதில் ஒரு மழையில் ஆரம்பிக்கிறது.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம். மர கேலரி. மழை.]

1922. அன்றைக்கு டிவி கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. வாசலில் டிக்கெட் கிழித்து வருகிற காசுதான் மொத்த வருமானம். வெளியூரிலிருந்து ஆட வந்த அணிக்கு அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும், சொந்த வீரர்களுக்கும் அதிலிருந்துதான். மழை பெய்தால் கூட்டம் வராது. ஆனால் வந்த அணிக்குப் பேசிய காசைக் கொடுத்தே ஆக வேண்டும்.

லாம்போ விவரமான ஆள். மழைக்கு இன்சூரன்ஸ் எடுத்தார். இத்தனை அளவு மழை பெய்தால் கம்பெனி பணம் தரும் என்று பாலிசி. ஒரு மேட்ச் அன்று கொட்டு கொட்டென்று கொட்டியது. கூட்டம் இல்லை. சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று போனால், பதிவான மழை பாலிசியில் சொன்ன அளவைவிடக் குறைவு என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். எவ்வளவு குறைவு தெரியுமா? ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் கால் மில்லிமீட்டர். இரண்டு மூன்று தாளை அடுக்கினால் வருகிற கனம். அந்தக் கனத்துக்கு மழை குறைந்ததால் ஓர் அணி கடனில் விழுந்தது! இன்சூரன்ஸ்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அதே சீசனில் இன்னொரு மேட்ச். மறுபடியும் மழை. லாம்போ ஆட்டத்தையே ரத்து செய்துவிடலாமா என்ற நிலையில் இருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையான பிரஸ்-கெசட்டின் வியாபார மேலாளர் ஆண்ட்ரூ டர்ன்புல், "ஆடுங்கள், பணத்துக்கு நான் ஊர்க்காரர்களிடம் பேசுகிறேன்" என்கிற மாதிரி தைரியம் சொன்னார். ஆடினார்கள். கைக்காசு போனது. ஆனால் டர்ன்புல் சொன்னபடி செய்தார்.

இப்போது வருவதுதான் இந்த வீடியோவில் எனக்குப் பிடித்த இடம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

1923ல் அணியை லாப நோக்கமில்லாத ஒரு பொது நிறுவனமாக மாற்றினார்கள். 5 டாலர் வீதம் 1,000 பங்கு. மொத்தம் 5,000 டாலர். இதுவரை சாதாரணம்தான். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை போட்டார்கள். பங்கு வாங்குகிற ஒவ்வொருவரும் குறைந்தது 6 சீசன் டிக்கெட்டும் வாங்க வேண்டும்!

நன்றாகக் கவனியுங்கள். பங்கு வாங்கினால் டிக்கெட் இலவசம் இல்லை. பங்கு வாங்கினால் டிக்கெட்டையும் காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டும். அதுவும் ஒன்றல்ல, ஆறு. கல்யாண வீட்டில் மொய்யும் எழுத வைத்து, பந்தியில் பரிமாறவும் சொன்ன மாதிரி.

முதலில் படித்தபோது சிரித்தேன். அப்புறம் யோசித்தால், இதைவிடப் புத்திசாலித்தனமான நிபந்தனை இருக்க முடியாது. பங்குப் பணம் ஒருமுறைதான் வரும், கடனை அடைத்தால் தீர்ந்துவிடும். சீசன் டிக்கெட் பணம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கையில் இருக்கும். அதாவது, இனி மழை பெய்தால் நஷ்டம் அணிக்கு இல்லை. டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி சுமக்க மறுத்த மழையை ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சுமந்தார்கள். இன்னொன்று: ஒரு ஆள் ஆறு டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மாமனாரைக் கூட்டிக்கொண்டு போவார், பக்கத்துக் கடைக்காரர் தலையில் ஒன்றைக் கட்டுவார். ஒவ்வொரு பங்குதாரரும் சம்பளமில்லாத டிக்கெட் விற்பனையாளர் ஆகிவிட்டார்.

அந்த நிறுவனப் பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு. அணியை எப்போதாவது விற்றால், கடன் போக மிஞ்சும் பணம் ஊரிலுள்ள முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் போக வேண்டும், போர்வீரர் நினைவுச்சின்னம் கட்ட. யாராவது அணியை விற்றுக் காசு பார்க்கலாம் என்று நினைத்தால் கையில் ஒரு பைசா வராது. 1997ல் நினைவுச்சின்னத்துக்குப் பதில் ஓர் அறக்கட்டளை என்று மாற்றினார்கள். இன்று என்எஃப்எல் விதிப்படி புதிதாக யாரும் இப்படி ஊர்ப் பொதுச் சொத்தாக அணி நடத்த முடியாது. கிரீன் பேக்கு மட்டும் பழைய ஆள் என்ற சலுகை.

[திரையில்: சப்ஸ்கிரைப் பொத்தான் மேலே எழும்புகிறது.]

ஆறு டிக்கெட் எல்லாம் நான் கேட்கவில்லை. ஒரு சப்ஸ்கிரைப் போதும்.

1931ல் ஒரு ரசிகர் கேலரியிலிருந்து விழுந்து வழக்குப் போட்டு ஜெயித்தார், அணியின் இன்சூரன்ஸ் கம்பெனி திவாலானது (மறுபடியும் இன்சூரன்ஸ்!), 1935ல் ஊர் மறுபடி 15,000 டாலர் திரட்டிக் கொடுத்தது. நகர்வோம்.

1949. மறுபடியும் கஜானா காலி. இந்த முறை நன்றி அறிவிக்கும் திருநாளில் ஒரு மேட்ச் வைத்தார்கள். எதிரணி யார்? அவர்களேதான். ஒரே அணியை இரண்டாகப் பிரித்து மோதவிட்டார்கள். பனி கொட்டுகிறது, பாயிண்ட் இல்லை, கோப்பை இல்லை. இருந்தும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். சுமார் 50,000 டாலர் சேர்ந்தது. ஒன்றுமே இல்லாத ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பவர்தான் என் அகராதியில் ரசிகர்.

அடுத்த ஆண்டு, 1950ல், 25 டாலருக்குப் பங்கு விற்றார்கள். சுமார் 1,18,000 டாலர் வந்தது. அப்போது நடந்த ஒரு சம்பவத்தை விற்பனையை முன்னின்று நடத்தியவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்மணி வந்தார். கையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் 25 டாலர், முழுக்கக் கால் டாலர் நாணயங்களாக.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 நாணயம். அன்றைய வெள்ளிக் கால் டாலர் ஒன்று ஆறேகால் கிராம். மொத்தம் 625 கிராம். நம் சின்னத் தீப்பெட்டியில் நிச்சயம் அடங்காது. அடுப்படியில் வைக்கிற பெரிய பெட்டியாகத்தான் இருந்திருக்கும். அரைக் கிலோவுக்கு மேல் சில்லறையைச் சுமந்து வந்து, லாபமே தராத ஒரு பங்கை வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்.

[திரையில்: வெள்ளி நாணயங்கள் மேசையில் கொட்டும் சத்தம்.]

இந்த இடத்தில் ஒருவர் கமென்டில் வருவார், எனக்குத் தெரியும். "அண்ணா, இதெல்லாம் சென்டிமென்ட். டிவி காசுதான் காப்பாற்றியது." அவர் சொல்வதும் சரிதான். 1961ல் லீக் கமிஷனர் பீட் ரோசெல் தலைமையில் என்எஃப்எல் டிவி உரிமையை மொத்தமாக விற்று எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்க முடிவெடுத்தது. நியூயார்க்குக்கும் கிரீன் பேக்கும் ஒரே பங்கு. பேக்கர்ஸ் மட்டும்தான் கணக்கை வெளியே காட்டுகிற அணி என்பதால் தொகையும் நமக்குத் தெரியும்: 2024-25 நிதியாண்டில் லீக் பங்காக வந்தது 43 கோடி டாலருக்கு மேல். டிக்கெட், கடை, சாப்பாடு என்று உள்ளூரில் வந்தது 28 கோடி சொச்சம். டிக்கெட் பணத்திலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு மற்ற அணிகளோடு பகிர வேண்டும்.

ஆனால் அண்ணாவின் கேள்வி இது: 1961 வரைக்கும் அணியை உயிரோடு வைத்திருந்தது யார்? டிவி காசு வாங்க முதலில் அணி இருக்க வேண்டுமே. 1956ல் புது ஸ்டேடியம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடந்தது, அமோகமாக ஜெயித்தது. 1957ல் அந்த ஸ்டேடியம் திறந்தது. அதுதான் இன்றைய லாம்போ ஃபீல்டு.

1959ல் வின்ஸ் லொம்பார்டி கோச்சாக வந்தார், அணி ஜெயிக்க ஆரம்பித்தது, 1960 முதல் சீசன் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்கிறது. இன்று ஸ்டேடியத்தில் 81 ஆயிரத்துக்கு மேல் இருக்கை. ஊரில் நான்கில் மூன்று பேரை உள்ளே உட்கார வைத்துவிடலாம். அப்படியும் இடமில்லை. குழந்தை பிறந்தவுடன் வரிசையில் பெயர் கொடுக்கும் பெற்றோர் உண்டு. 30 வருஷம் கழித்து டிக்கெட் வரும்போது அந்தக் குழந்தைக்கே ஒரு குழந்தை இருக்கும். நம் ரயில் வெயிட்டிங் லிஸ்டைத் திட்டுபவர்கள் ஒரு நிமிஷம் மௌனம் காக்கவும்.

மில்வாக்கி விஷயம் எனக்குப் பிடிக்கும். 1994 வரை அணி சில மேட்ச்களை 180 கிலோமீட்டர் தள்ளி மில்வாக்கியில் ஆடியது. பெரிய ஊர், நிறைய டிக்கெட். நிறுத்தியபோது அந்த ஊர் ரசிகர்களைக் கைகழுவவில்லை. சீசனில் சில மேட்ச்களை அவர்களுக்கென்றே தனி சீசன் டிக்கெட்டாக ஒதுக்கினார்கள். இன்றும் அந்த மேட்ச் நாளில் மில்வாக்கிக் குடும்பங்கள் காரில் கிளம்பி வருகின்றன.

எல்லாம் இனிப்பாகவே போனால் நம்ப மாட்டீர்கள். 2014 ஜனவரிக்கு வாருங்கள். அப்போது என்எஃப்எல்லில் ஒரு கறார் விதி இருந்தது. மேட்சுக்கு 72 மணி நேரம் முன்பு டிக்கெட் விற்றுத் தீராவிட்டால், உள்ளூர் டிவியில் ஒளிபரப்பே கிடையாது. 1973 முதல் இருந்த விதி. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக பிளே-ஆஃப் ஆட்டம், லாம்போ ஃபீல்டில். இவ்வளவு நீள வரிசை வைத்திருக்கிற ஊரில் சில ஆயிரம் டிக்கெட் விற்காமல் கிடந்தது!

காரணம்? குளிர் ஒன்று. சீசன் நடுவில் அணி தடுமாறியதால் பிளே-ஆஃபுக்கு வருமா என்றே தெரியாத நேரத்தில் முன்பணம் கேட்டார்கள், மேட்ச் நடக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது, அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்றார்கள். விசுவாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு இல்லையா? எனக்கு ரசிகர்கள் மேல் கோபமே வரவில்லை. கடைசியில் கெடுவை நீட்டி, மிச்ச டிக்கெட்டை உள்ளூர் நிறுவனங்கள் வாங்கி, ஒளிபரப்பைக் காப்பாற்றினார்கள். மேட்ச் அன்று மைனஸ் 15 டிகிரி. கடைசி நொடி கோலில் 23-20 என்று தோற்றார்கள். அந்த ஒளிபரப்புத் தடை விதியை 2015ல் லீக்கே நிறுத்தி வைத்தது.

சரி, ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. ஏமாளிகளா? 2021-22ல் 300 டாலர் பங்கு விற்றபோது ஆறரைக் கோடி டாலர் வந்தது, ஸ்டேடிய வேலைகளுக்காக. வாங்கியவர்களுக்கு எல்லாமே தெரியும், லாபம் பார்க்க வாங்காதீர்கள் என்று விற்றவர்களே எழுதியும் கொடுத்தார்கள். நான் வாங்குவேனா? தீப்பெட்டிக் கதையைக் கேட்ட அன்று இரவு வாங்கியிருப்பேன். மறுநாள் காலை டாலர் விலையைப் பார்த்திருப்பேன். நீங்கள்? கமென்டில் சொல்லுங்கள், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

[திரையில்: பனி மூடிய கேலரி. விடிகிற நேரம்.]

போகும் முன் ஒரு காட்சி. மேட்சுக்கு முன் கடும் பனி பெய்தால், அணி ஊருக்கு அறிவிப்பு விடும்: பனி அள்ள ஆள் தேவை, மணிக்கு இவ்வளவு கூலி. இருட்டு விலகும் முன்பே கேட் வாசலில் கூட்டம் கூடிவிடும். வரிசை வரிசையாக ஏறி அலுமினிய பெஞ்சுகளிலிருந்து பனியை வாரி, சறுக்குப் பலகையில் கீழே தள்ளுவார்கள். அதில் பலர் பங்குதாரர்களாகவே இருக்கலாம், டிக்கெட் வரிசையில் பல ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பவர்கள். பெஞ்சைத் துடைத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, மேட்சைப் பார்க்க வீட்டுக்குப் போய் டிவியைப் போடுவார்கள்.