டிடிஎல்லா, மேனுவலா? கல்யாண மேடையில ஃப்ளாஷ்

வணக்கம் மக்களே! பின்னாடி தெரியிறது திருப்பரங்குன்றம் மலை. முருகன் தெய்வானையைக் கட்டுன ஊரு. அதனால முகூர்த்த நாள்னா இங்க மண்டபம் மண்டபமா கெட்டிமேளம்தான். புதுசா கேமரா வாங்குன தம்பிங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல கை பழக வந்து நம்மகிட்ட கேக்குறது இதுதான்: "அண்ணே, ஃப்ளாஷ டிடிஎல்ல போடவா, மேனுவல்ல போடவா?"

டிடிஎல்னா ஃப்ளாஷ் பவர கேமராவே முடிவு பண்றது, மேனுவல்னா நம்மளே வைக்கிறது. ஃப்ளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் மாறுதான்னு பாருங்க. மாறிக்கிட்டே இருந்தா டிடிஎல். மாறலையா, மேனுவல். அம்புட்டுதான்.

மாப்பிள்ளை அழைப்பு இருக்கே, அங்க ஆளுக அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுவாங்க. 2 மீட்டர்ல நின்னவரு 4 மீட்டர் தள்ளிப் போனா அவரு மேல விழுற வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாயிரும். மேனுவல்ல பவர 1/16ல, அதாவது ஃபுல் பவர்ல பதினாறுல ஒரு பங்குல, வச்சிருந்தீங்கன்னா 1/4க்கு ஏத்தணும். கூட்டத்துக்குள்ள எவன் திருகிக்கிட்டு நிப்பான்? டிடிஎல்ல, படம் விழுறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன ஃப்ளாஷ் அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்த கேமராவே அளந்து பவர முடிவு பண்ணிரும்.

ஆனா அளக்கத்தான் தெரியும், எதிர்ல நிக்கிறது என்னன்னு அதுக்குத் தெரியாது. வெள்ளை வேட்டி சட்டையில மாமாமாரு ஆறு பேரு வரிசையா நின்னா, "வெளிச்சம் ரெம்ப வருதே"ன்னு பவரக் குறைச்சிரும். மூஞ்சியெல்லாம் மங்கிப் போகும். அதே இடத்துல கறுப்பு கோட்டு போட்டவங்க வந்தா மூஞ்சி வெளுத்துரும். டிடிஎல் முடிவு பண்ற பவர நம்ம ஏத்தி இறக்க ஃப்ளாஷ் காம்பன்சேஷன்னு ஒண்ணு இருக்கு. வெள்ளை நிறைய இருந்தா பிளஸ் 1 வைங்க, கறுப்புக்கு மைனஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்க.

மேடையில பரிசு குடுக்க வரிசை கட்டுறாங்கள்ல, அங்க டிடிஎல்ல நான் தொடவே மாட்டேன். எல்லாரும் ஒரே இடத்துலதான் வந்து நிப்பாங்க. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) 800, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஷட்டர் 1/125 நொடி, ஃப்ளாஷ் பவர் 1/8. ஒரு படம் எடுத்துப் பாருங்க. இருட்டா இருந்தா 1/4, வெளுத்தா 1/16. செட் ஆயிருச்சா, அப்புறம் கைய வைக்காதீங்க. நூறு படமும் ஒரே கணக்கா வரும், ஆல்பம் போடும்போது கலர் திருத்துற வேலை மிச்சம்.

இன்னொண்ணு. சில அப்பத்தாக்க எத்தனை தடவ எடுத்தாலும் கரெக்டா கண்ண மூடியிருப்பாங்க. அது டிடிஎல்ல முன்னாடி அடிக்கிற அந்தச் சின்ன ஃப்ளாஷப் பாத்து மூடுறது. மேனுவல்ல அது அடிக்கிறதே இல்ல.

தாலி கட்டுற நேரம்? அங்கயும் மேனுவல்தான், பவரும் கம்மியா. உயரமான சீலிங்ல பவுன்ஸ் அடிச்சா, அதாவது ஃப்ளாஷ மேல திருப்பி சீலிங்ல பட்டு வர்ற வெளிச்சத்துல எடுத்தா, டிடிஎல் ஃபுல் பவருக்குப் போயிரும், திரும்ப சார்ஜ் ஏற சில நொடி ஆகும். மூணு முடிச்சு அதுக்குள்ள முடிஞ்சிரும். ஐஎஸ்ஓவ ஏத்தி 1/16ல வச்சா படபடன்னு அடிக்கலாம்.

கேமராவ எம் (மேனுவல்) மோடுல வச்சா ஃப்ளாஷும் மேனுவலாயிரும்னு நினைக்காதீங்க. ரெண்டும் வேற வேற. கேமரா எம்ல, ஃப்ளாஷ் டிடிஎல்ல தாராளமா ஓடும்.

காசு கம்மியா இருந்தா கோடாக்ஸ் டிடி600 மாதிரி மேனுவல் மட்டும் உள்ள ஃப்ளாஷையே வாங்குங்க. மண்டபத்துக்குள்ள போனதும் மொதல்ல மேல பாருங்க: வெள்ளை சீலிங்னா பவுன்ஸ், பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தா பொண்ணு மூஞ்சியும் பச்சையாத்தான் வரும், நேரா சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்த மிருதுவாக்குற துணிப்பெட்டி) மாட்டிருங்க.