மூன்று கேமராவுக்கு மூன்று ஆப், எதை வைத்துக்கொள்வது?

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, எங்களுக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். தோட்ட வீட்டில் ஒரு வைஃபை கேமரா, ஸ்டோர் வாசலில் ஒன்று, மிளகு காயும் களத்தில் ஒன்று. மூன்றும் மூன்று கம்பெனி, அதனால் போனில் மூன்று ஆப். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க எந்த ஆப் நல்லது?"

இந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. கம்பம், போடி, தேவாரம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு வீடு இங்கே, தோட்டம் கேரளாவில். கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறித்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது நினைத்தவுடன் கிளம்ப முடியாது. ஸ்டோரில் ஏலக்காய் உலர்ந்துகொண்டிருக்கும். ஒரு நல்ல பறிப்பின் முழு மதிப்பும் அந்த ஒரு கட்டடத்துக்குள் இருக்கும். சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்குகிற சாதாரண வேலையாக இதை நினைக்கக்கூடாது.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். முதலில் ஆப்பைப் பாருங்கள், பிறகு கேமராவை வாங்குங்கள். ரவுட்டர் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். கடையில் எல்லோரும் "எத்தனை மெகாபிக்சல், இரவில் கலரில் தெரியுமா" என்றுதான் கேட்கிறார்கள். ஆப்பின் பெயரை யாரும் கேட்பதில்லை.

ஆப் ஏன் அவ்வளவு முக்கியம்? தோட்டத்துக் கேமராவுக்கும் கம்பத்திலிருக்கும் உங்கள் போனுக்கும் நேரடி வழி கிடையாது. கேமரா முதலில் அந்தக் கம்பெனியின் சர்வரை, அதாவது இணையத்தில் அவர்கள் வைத்திருக்கும் கணினியை, கூப்பிட்டுக் காத்திருக்கிறது. நீங்கள் ஆப்பைத் திறந்ததும் அந்த சர்வர்தான் இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிறது. பல சமயம் படமே அதன் வழியாகத்தான் வருகிறது. அந்தக் கம்பெனி நாளைக்கு சர்வரை மூடிவிட்டால், சுவரில் கேமரா இருக்கும், உங்கள் போனில் படம் இருக்காது. ஆகவே ஓர் ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் வீட்டுப் படம் யார் கை வழியாகப் போகலாம் என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து 2008இல் ஆன்விஃப் என்ற பொது ஏற்பாட்டைத் தொடங்கின. ஒரு கம்பெனியின் கேமராவை வேறொரு கம்பெனியின் கருவியும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். உங்கள் கேமராக்களில் ஆன்விஃப் அல்லது ஆர்.டி.எஸ்.பி. (கேமராப் படத்தை வேறு கருவிக்கு அனுப்பும் ஒரு பொது முறை) இருந்தால், ஆண்ட்ராய்டில் டைனிகேம் போன்ற பொது ஆப்பில் மூன்றையும் ஒரே திரையில் பார்க்கலாம். சில கேமராக்களில் அந்த வசதி மூடியே வரும். உதாரணமாக டேப்போ கம்பெனி கேமராக்களில், செட்டிங்கில் போய்க் கேமராவுக்கென்று தனியாகப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கினால்தான் திறக்கும். பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இந்த வசதியே இருக்காது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பொது ஆப் தோட்ட வீட்டு வைஃபைக்குள் நன்றாக வேலை செய்யும். மலை இறங்கிக் கம்பம் வந்துவிட்டால் படம் வராது, ஏனென்றால் நடுவில் சேர்த்து வைக்க சர்வர் இல்லை. "ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடு, வந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது வெளி இணையத்திலிருந்து யாரும் நேராகக் கேமராவுக்கு வர வாசலைத் திறந்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீய நிரல், பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுவதும் கைப்பற்றியது. அவற்றை வைத்தே அந்த அக்டோபரில், இணையதளப் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டின் (Dyn) என்ற கம்பெனியைத் தாக்கினார்கள். அதனால் ட்விட்டர் உள்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். தோட்ட வீட்டில் ஆன்விஃப் ஏற்கிற சிறிய என்.வி.ஆர். (பல கேமராக்களின் படத்தைப் பதிவுசெய்யும் பெட்டி) ஒன்றை வையுங்கள். மூன்று கேமராவையும் அதில் சேர்த்துவிட்டு, அந்த என்.வி.ஆரின் ஆப்பை மட்டும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகள் பூட்டிய அறைக்குள் இருக்கும். கேமராவில் இருக்கும் மெமரி கார்டை மட்டும் நம்பினால், கேமராவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் பதிவையும் சேர்த்துக்கொண்டு போகிறான்.

இலவச ஆப், கட்டண ஆப் என்பதைவிட நான் முதலில் பார்ப்பது வேறொன்று. கேமரா இணைப்பு அறுந்தால் அந்த ஆப் உங்களுக்குச் சொல்லுமா? என் சித்தப்பா மகனுக்கு நெடுங்கண்டம் பக்கம் தோட்டம் இருக்கிறது. ஆடி மாதம் முழுக்க இரவெல்லாம் அவன் போன் அலறிக்கொண்டே இருந்தது. வந்தது திருடன் இல்லை. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பறக்கிறது, அதற்காகச் சிலந்தி வலை கட்டுகிறது, மஞ்சு (மூடுபனி) வந்து மூடுகிறது. எல்லாமே கேமராவுக்கு அசைவுதான். தூக்கம் கெட்டு, அறிவிப்பையே நிறுத்திவிட்டான். பிறகு கரண்ட் போய் ரவுட்டர் படுத்துவிட்டது. ஆப்பைத் திறந்தால் கடைசியாக எடுத்த படம் முகப்பில் இருக்கும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். மனித உருவத்தை மட்டும் பிரித்து அறிகிற வசதி, குறிப்பிட்ட இடத்தில் நடக்கிற அசைவை மட்டும் கவனிக்கிற வசதி, இணைப்பு அறுந்தால் வருகிற அறிவிப்பு, இந்த மூன்றும் உள்ள ஆப் இருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ்ஸும் வேண்டும்.

இணைய வேகத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு வேண்டியது அப்லோட் வேகம். விநாடிக்கு 1 மெகாபிட் போனால் ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. ஆகிறது. மூன்று கேமராவும் இடைவிடாமல் கிளவுடுக்கு, அதாவது கம்பெனியின் சர்வருக்கு, அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சகோதரி கேட்காத ஒன்று இருக்கிறது; கேட்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பேன். அந்த ஆப்பை யார் யார் திறக்கலாம்? பல வீடுகளில் ஒரே பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு, தோட்டக் கணக்குப்பிள்ளைக்கு, முன்பு வேலையிலிருந்து போனவருக்கும்கூட. நல்ல ஆப்பில் பகிர்வு என்று தனி வசதி இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் பார்ப்பார்கள். வேண்டாதபோது அந்த ஒருவரை மட்டும் நீக்கலாம். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

அடுத்து, கேமரா எதைப் பார்க்கிறது? அதிகாலையில் ஜீப் ஏறி மலைக்கு வருகிற பெண்கள் ஸ்டோர் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மழையில் நனைந்தால் உடை மாற்றுகிறார்கள். அந்த இடமும் தொழிலாளர்கள் தங்கும் லயத்து வாசலும் படத்தில் விழக்கூடாது. கேமராவைத் திருப்ப முடியாவிட்டால், படத்தின் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கிற வசதி உள்ள ஆப்பாகப் பாருங்கள். மைக்கை அணைத்துவிடுங்கள், அவர்கள் பேசிக்கொள்வதை நாம் கேட்க வேண்டியதில்லை. கேமரா எங்கே இருக்கிறது என்பதை அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். படத்தை மறைக்கிற வசதி இல்லாத ஆப் எவ்வளவு நல்ல படம் காட்டினாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சகோதரி, மூன்று கேமராவின் மாடல் எண்ணையும் அடிப்பகுதி ஸ்டிக்கரில் பார்த்து எழுதி அனுப்புங்கள். எதில் ஆன்விஃப் இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஸ்டிக்கரில் க்யூஆர் கோடு இருந்தால் அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். சில கேமராக்களில் அதை ஸ்கேன் செய்தாலே வேறு யாராவது உங்கள் கேமராவைத் தங்கள் ஆப்பில் சேர்க்க முயற்சி செய்யலாம்.