முதலில் உப்பைக் கழுவுங்கள்

அவையோர்க்கு வணக்கம். மண்ணையே வண்ணமாக்கி, மழையையும் வெயிலையும் படத்துக்குள் இழுத்துவரும் அரூப நிலக்காட்சி பற்றி, அதாவது நிலத்தை உள்ளபடி வரையாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் காட்டும் ஓவியம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இங்கே ஈஞ்சம்பாக்கத்தில்தான் இருக்கிறது. அரூபம் சென்னைக்குப் புதிதல்ல. மண்ணைக் கையில் எடுப்பவர்கள் இங்கே சறுக்குவது கற்பனையில் அல்ல, உப்பில்.

கடலோர மண்ணை அப்படியே பூசினால் படத்தில் வெள்ளை பூக்கும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பு கரையும். காய்ந்தால் மேலே வந்து படிகமாகி வண்ணத்தை உரித்துவிடும். ஆகவே ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கலக்கி அரை நிமிடம் விடுங்கள், மணல் அடியில் தங்கும். கலங்கலை மட்டும் இறுத்து, இரவெல்லாம் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டுங்கள். மூன்று நான்கு முறை இப்படி. போர் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு. மழைநீர் உத்தமம், இல்லையேல் கேன் தண்ணீர். உப்பு போகப்போகக் களிமண் தெளியத் தாமதமாகும். இரண்டு நாள் கலங்கலாகவே நின்றால் கவலை வேண்டாம், அது நல்ல சகுனம். மேல்நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை வளையம் இருந்தால் இன்னொரு கழுவல்.

சிவப்புக்குச் செம்மண் தேடி அலைய வேண்டியதில்லை. மஞ்சள் காவியை இரும்புச் சட்டியில் வறுங்கள். ஏறக்குறைய 300 டிகிரியில் அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து, மஞ்சள் பழுப்பாகிச் செங்கல் நிறத்துக்கு வரும். இடையிடையே ஒரு கரண்டி எடுத்து வைத்தால் ஒரே மண்ணில் அரை டஜன் நிறம்! ஜன்னல் திறந்திருக்கட்டும், தூசி பொல்லாதது.

இந்த மண்பொடியைப் படத்தில் பிடித்துவைப்பது அதோடு குழைக்கும் பிசின். அது குறைந்தால் வண்ணம் விரலில் ஒட்டும். கூடினால் மினுக்கும், வெடிக்கும். ஏரிக் கரிசலைக் கனமாகப் பூசினால் காயும்போது சுருங்கி எப்படியும் வெடிக்கும். அந்த வெடிப்புதான் வேண்டுமென்றால் பலகையில் பூசுங்கள், துணி தளர்ந்து ஆடினால் சில்லு சில்லாக உதிரும். வேண்டாமென்றால் கழுவிய நுண்மணல் சேருங்கள்.

மழைத்துளி விழுந்த தடம் படத்தில் வேண்டுமென்றால் வேலமரப் பிசின்தான் சரி. அக்ரிலிக் பிசின் காய்ந்துவிட்டால் மழைத்துளி அதை அசைக்காது. பூச்சு பாதி காய்ந்து, தொட்டால் ஒட்டாமல் குளிர்ந்திருக்கும்போது தூறலில் சில விநாடி மட்டும் கிடத்துங்கள். ஐப்பசி அடைமழையில் வைத்தால் பலகைதான் மிஞ்சும்.

மாட்டும்போது சுவருக்கும் படத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலச் சுவர் ஈரம் பின்புறமாக ஏறினால், பிசினில் பூஞ்சை பிடிக்கும்.