கால் வளைவும் கல்சியப் பாணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கால் வில்லாக வளைந்திருப்பதைக் கண்டால், பார்மசியில் ஒரு கல்சியப் பாணி வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பாணி தேவையே இல்லை. எலும்பில் உண்மையாகவே நோயுள்ள பிள்ளைகளிலும் சிலருக்கு அது போதாது, சிலருக்கு அது கெடுதல்.

இரண்டு வயதுவரை கால் வெளிப்பக்கமாக வளைந்திருப்பது இயல்பு. மூன்று, நான்கு வயதில் அதற்கு எதிர்மாறாக முழங்கால்கள் முட்டும். ஏழு வயதளவில் தானாகவே நேராகிவிடும். இதை வீட்டிலேயே அளக்கலாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காற்சில்லு மேலே பார்க்கும்படி கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முழங்கால்களுக்கு இடையே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முட்டுக்கால் என்றால் முழங்கால்களைச் சேர்த்துவைத்துக் கணுக்கால்களுக்கு இடையே அளவுங்கள். அங்கே எல்லை 8 சென்ரிமீற்றர். ஒரு கால் மட்டும் வளைவது, மூன்று வயது தாண்டியும் வில்லாகவே இருப்பது, மணிக்கட்டு தடிப்பது, கால் நோவு, உயரம் கூடாமை ஆகியவை இருந்தால் அளவு எதுவானாலும் காட்டுங்கள். கிளினிக் பதிவேட்டில் எல்லோரும் நிறைக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். எலும்பு நோயை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் உயரக் கோடு.

விற்றமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் (வளரும் எலும்பு மென்மையாகி வளையும் நோய்) வெயில் நிறைந்த கொழும்பிலும் வரலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் யன்னல் கண்ணாடி ஊடாக விழும் வெயில் தோலில் விற்றமின் டி உண்டாக்காது. முதல் வருடத்தில் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு (போத்தலில் IU என்றிருக்கும்) போதும். ஆனால் போத்தலைக் கவனமாக வாசியுங்கள். சில மருந்துகளில் ஒரு துளியிலேயே 400 அலகு இருக்கும். வேறு சிலவற்றில் அதே அளவுக்கு ஒரு மில்லிலீற்றர் வேண்டும். மாற்றி அளந்தால் இருபது மடங்குக்கும் மேல் உள்ளே போய்விடும். அப்படிப் போனால் வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அதிகமாகச் சிறுநீர் போதல் என்பன வரும். சிறுநீரகத்திலும் கல்சியம் படியும்.

ரிக்கெட்ஸ் உறுதியானால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 2000 அலகும், ஒன்று முதல் பன்னிரண்டு வயதுவரை 3000 முதல் 6000 அலகும், கூடவே 500 மில்லிகிராம் கல்சியமும் குறைந்தது 12 வாரம் கொடுக்கப்படும். மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லையென்றால், திரும்பவும் அதே போத்தலை வாங்குவதில் பயனில்லை. அங்கேதான் பரம்பரை நோயைத் தேட வேண்டும்.

அந்தத் தேடலில் அடிக்கடி வழிதவறச் செய்வது இரத்த அறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும் ‘இயல்பு அளவு’. பல அறிக்கைகளில் அது பெரியவர்களுக்கான அளவு. எலும்பு உறுதிக்கு வேண்டிய உப்பான பொஸ்பேட், இரண்டு வயதுப் பிள்ளைக்கு 0.9 மில்லிமோல் என்று வந்தால், பெரியவர் கணக்கில் அது சரி. அந்த வயதுக்கோ தெளிவான குறைவு. எலும்பு வளர்ச்சியோடு தொடர்புடைய நொதியமான அல்கலைன் பொஸ்பட்டேஸ் 300 என்றால் அறிக்கையில் சிவப்புக் குறி விழும், ஆனால் வளரும் பிள்ளைக்கு அது இயல்பு. அதுவே 60 என்று வந்தால் எந்தக் குறியும் விழாது. அந்த 60தான் ஆபத்தான எண். ஆகவே அறிக்கையில் பிள்ளையின் வயது சரியாகப் பதிவாகியிருக்கிறதா, அந்த வயதுக்குரிய அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

பொஸ்பேட் குறைவாக, கல்சியம் சரியாக இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது சிறுநீரில் பொஸ்பேட் வீணாகும் பரம்பரை ரிக்கெட்ஸை. ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவருக்கு வருவது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள பெக்ஸ் என்ற மரபணு பழுதானால் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹோமோன் கூடி, சிறுநீரகம் பொஸ்பேட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சொத்தை இல்லாத பல்லின் முரசில் சீழ் கட்டுவதும் இதன் அடையாளம். சாதாரண விற்றமின் டி இதற்கு உதவாது. பொஸ்பேட்டை நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுத்து, கல்சிற்றியோலும் (உடலில் நேரடியாகச் செயற்படும் விற்றமின் டி வடிவம்) சேர்க்க வேண்டும். கொடுத்த சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் அளவு இறங்கிவிடுவதால்தான் இத்தனை தடவை. பாடசாலை நேர வேளை தப்பிவிடாமல் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். பாலோடு கொடுத்தால் கல்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். மொத்தமாகக் கொடுத்தால் வயிற்றோட்டம். 2018 முதல் புரோசுமாப் என்ற ஊசி வெளிநாடுகளில் பாவனையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரு வாரத்துக்கு ஒரு தடவை; விலைதான் மலைக்கவைக்கும்.

அல்கலைன் பொஸ்பட்டேஸ் குறைவான நோய் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஐந்து வயதுக்கு முன், வேர் கரையாமல் முழுதாகவே பாற்பல் விழுவது இதன் அடையாளம்; அந்தப் பல்லை எறிந்துவிடாதீர்கள். சிறு டப்பாவில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு விற்றமின் டியையும் கல்சியத்தையும் அளவின்றி ஊட்டினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும்.

சிறு அடிக்கே எலும்பு முறியும் பிள்ளை வேறு வகை. எலும்புக்கு வலு கொடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் பழுதால் வருவது. கண்ணின் வெள்ளை நீலம் பாரித்திருக்கலாம், பற்கள் மங்கலாக இருக்கலாம். நப்பி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உள்ளங்கையைப் பிட்டத்தின் கீழ் கொடுத்து உயர்த்த வேண்டும். அக்குளில் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம். முறிவுக்குப் போட்ட பிளாஸ்டரைத் தேவைக்கு மேல் விட்டுவைத்தால் அசையாத எலும்பு இன்னும் மெலியும். பமிட்ரோனேட், சொலிட்ரோனிக் அசிட் ஊசிகள் முறிவைக் குறைக்க உதவும். போடுமுன் கல்சியமும் விற்றமின் டியும் போதுமா என்று பார்த்தாக வேண்டும். முதல் தடவை காய்ச்சல் வருவது சகஜம்.

பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கோ வேறெங்குமோ போகும்போது பழைய எக்ஸ்ரேக்கள், இரத்த அறிக்கைகள், தாய் தகப்பனின் உயரம் எல்லாம் கையில் இருக்கட்டும். ‘எங்கள் பரம்பரையே குட்டை’ என்று விட்டுவிடாமல் தகப்பனின் பொஸ்பேட்டையும் பாருங்கள். பெக்ஸ் பழுது தகப்பனுக்கு இருந்தால் எல்லா மகள்மாருக்கும் போகும், மகன்மாருக்குப் போகாது. தாய்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தையின் முதல் வார அறிக்கை நன்றாக இருந்தாலும் அதை நம்பி நிறுத்த வேண்டாம். பொஸ்பேட் இறங்கச் சில மாதம் எடுக்கும். மூன்று, நான்கு மாதத்தில் திரும்பவும் இரத்தம் எடுத்துப் பாருங்கள்.

வணக்கம்.