மூக்குக்குப் பக்கத்தில் அளந்து பார்த்தேன்

வணக்கம். என் பையின் தோள்வாரில், கழுத்துக்குச் சற்றுக் கீழே மாட்டியிருக்கும் இந்தச் சின்னப் பெட்டி தெரிகிறதா? காற்றில் உள்ள நுண்துகளை அளக்கும் சென்சார். பைக்குள் போட்டால் பயன் இல்லை. நான் இழுக்கிற காற்றையே இதுவும் இழுக்க வேண்டும்.

போனில் காற்றுத் தரம் என்று ஒரு எண் வருகிறதே, அது எங்கோ இருக்கும் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் எண். சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கிறவரின் மூச்சுக்கு அது கணக்கு ஆகாது. வண்டிப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் சாலை விளிம்பில்தான் குவிந்திருக்கும். பகலில் 150 முதல் 300 மீட்டர் தள்ளிப் போவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் ஒரே தெருவில் முதல் வீட்டின் காற்று வேறு, கடைசி வீட்டின் காற்று வேறு.

சரி, இந்தப் பெட்டி சொல்வதை அப்படியே நம்பலாமா? கூடாது. உள்ளே ஒரு லேசர் இருக்கிறது. துகள் மீது பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே இதற்குக் கண் தெரியாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). புகைக்குழாயிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. ஒரு பேருந்து முகத்துக்கு நேரே புகையைக் கக்கிவிட்டுப் போனது. எனக்கு இருமல் வந்தது, இதன் எண் லேசாகத்தான் நகர்ந்தது. பனிமூட்டக் காலையிலோ ஈரத்தில் துகள் உப்பி, எண் எகிறிவிடும். அதனால் முதலில் சில நாள் ஒரு நிலையக் கருவியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கரித்துகளுக்கு வேறு கருவி. வெள்ளை வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, தாள் எவ்வளவு கறுக்கிறது என்று ஒளி பாய்ச்சிப் பார்க்கும். ஒரு காலை பெரிய சாலையோரம் நடந்து முடித்ததும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பொட்டு அளவில் ஒரு வட்டம், பென்சிலால் தேய்த்தது போல. அன்று காலை என் நெஞ்சுக்குள்ளும் போன காற்று அது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவுக்கு விரல் நீளக் குழாய் போதும். கம்பத்தில் 2 முதல் 4 வாரம் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மலிவு, ஆனால் சராசரி மட்டுமே கிடைக்கும்.

அப்புறம், கருவிக்குச் சமமாக நான் மதிப்பது நாட்குறிப்பை. எங்கே, எத்தனை நிமிடம், நடந்தா, சைக்கிளிலா, காரிலா என்று எழுதி வைக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பவர் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறார். வெளியே ஒரே புகைதான், உள்ளே போகும் அளவு வேறு. நாள் முழுக்கச் சாலையிலேயே நிற்கும் போக்குவரத்துக் காவலர், நடைபாதை வியாபாரி தோளில்தான் இந்தப் பெட்டி முதலில் ஏற வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் இதே நேரத்தில், பெரிய சாலைக்கு இணையாகப் போகும் உள்தெருவில் நடந்து, இரண்டு நாள் அளவுகளின் வரைபடக் கோடுகளையும் ஒன்றாக வைத்துக் காட்டுகிறேன்.