அரிக்காத தேமலுக்கு உள்ளே

[காட்சி: முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு தேமல். பக்கத்தில் திரித்த பஞ்சு.]

இந்தத் தேமல் அரிக்காது, வலிக்காது. பஞ்சால லேசா தொட்டுப் பாருங்க. சுத்தியிருக்கிற தோலுக்குத் தெரியும்; தேமலுக்குத் தெரியாது, இல்லேன்னா மங்கலாத் தெரியும். தொழுநோய் பல பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்குது.

கிருமி நேத்து வந்தது இல்லைங்க. 1873ல நார்வேயில ஹான்சன் கண்டுபிடிச்ச மைக்கோபாக்டீரியம் லெப்ரே, ஒண்ணு ரெண்டாகவே சுமார் 2 வாரம் எடுத்துக்கும். அவ்வளவு சோம்பேறி! நோய் வெளியே தெரிய சராசரியா 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். அத்தனை நாளும் நம்ம தோல்ல இருக்கிற காவல் செல்கள் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?

[காட்சி: தோலின் குறுக்குவெட்டு. மேலடுக்கில் கிளை விரித்த செல்கள்.]

இதுங்க லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868ல பால் லாங்கர்ஹான்ஸ்ங்கிற மருத்துவ மாணவர் தங்கக் குளோரைடு சாயம் ஏத்திப் பார்த்தப்போ கண்ணுல பட்டது. கிளை கிளையா இருந்ததால நரம்பு செல்னு நினைச்சுட்டார். எதிர்ப்புச் சக்தியோட ஆளுன்னு புரிய நூறு வருஷம் ஆச்சு! கிருமியோட ஒரு துணுக்கை எடுத்துக்கிட்டு, நெறி கட்டுதுன்னு சொல்றோமே, அந்த நிணநீர் முடிச்சுக்குப் போய் கிருமியை எதிர்த்துப் போராடுற டி செல்கள்கிட்ட அடையாளம் காட்டுறதுதான் இதோட வேலை. நோயைக் கட்டுக்குள்ள வச்சிருக்கிறவங்க தேமல்ல இந்த செல்கள் நிறைய இருக்கும். நோய் உடம்பெல்லாம் பரவினவங்ககிட்ட ரொம்பக் குறைவு.

[காட்சி: ஒரே மாதிரி இரண்டு மேக்ரோஃபேஜ்கள், பக்கம் பக்கமாக.]

கொஞ்சம் கீழே, கிருமியை விழுங்குற மேக்ரோஃபேஜ். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். அக்கம்பக்கத்துல இருந்து இன்டர்லியூகின் 15ங்கிற சேதி வந்தா, இந்த செல் வைட்டமின் டி உதவியோட கிருமிக்கொல்லிப் புரதம் செய்யும். இன்டர்லியூகின் 10 வந்தா? விழுங்கும், ஆனா கொல்லாது. கொழுப்பு சேர்ந்து நுரை மாதிரி ஆகி, கிருமிக்கே வீடாயிடும். அதே கிருமி, அதே செல், வந்த சேதி மட்டும் வேற.

[காட்சி: கண்ணாடி போல ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீன் குஞ்சு.]

சரி, மரத்துப்போறது ஏன்? கிருமிதான் நரம்பைத் தின்னுதுன்னு நினைப்போம். 2017ல மீன் குஞ்சுல பார்த்தப்போ வேற கதை தெரிஞ்சது. கிருமியோட மேலுறைக் கொழுப்பு ஒண்ணு, மேக்ரோஃபேஜை உசுப்பி நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட வைக்குது. அடி வாங்கினது பக்கத்துல இருந்த நரம்பு இழை. காவலுக்கு வந்தவனே வேலியை உடைச்ச கதை.

[காட்சி: மாத்திரை அட்டை.]

கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகள்ல இலவசம். தேமல் 5 வரைக்கும்னா வழக்கமா 6 மாசம், அதுக்கு மேலன்னா 12 மாசம். நடுவுல சிலருக்குப் பழைய தேமல் திடீர்னு சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். "மருந்து ஒத்துக்கல"ன்னு மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுறாங்க. அது எதிர்ப்புச் செல்கள் கிருமி மேல திடீர்னு பாயுறதால வர்ற வீக்கம். செத்த கிருமியா இருந்தாலும் பாயும். அன்னிக்கே டாக்டர்கிட்ட போனா, நரம்பைக் காப்பாத்த ஸ்டீராய்டு கொடுப்பார். கூட்டு மருந்தையும் நிறுத்தாம சாப்பிடச் சொல்வார்.